பறக்கும் கடற்காகத்தைப் படம் பிடிப்பது எப்படி?

மழைக்காலம் தொடங்கியபின் பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி போன்ற கடலோர ஊர்களுக்குப் போனால், மீன்பிடி படகுகளைச் சுற்றி வெண்ணிறப் பறவைகள் கூட்டமாக வட்டமிடுவதைக் காணலாம். அவற்றுள் ஒன்று பழுப்புத்தலைக் கடற்காகம். லடாக், திபெத் முதலிய உயர்ந்த நிலப்பகுதிகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் கடற்கரைக்கு வரும் விருந்தாளி அது. அதன் உறவினரான கருந்தலைக் கடற்காகமும் இங்கு வருவதுண்டு.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பழுப்புத் தலை, கருந்தலை என்று பெயரிலேயே விடை இருக்கிறதே என்பீர்கள். ஆனால் குளிர்காலத்தில் இரண்டு பறவைகளின் தலையும் வெளுத்துவிடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டுமே எஞ்சும். எனவே தலையைப் பார்த்துப் பயனில்லை. விடை சிறகில் இருக்கிறது. வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகத்தின் சிறகு நுனி அகலமான கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கருந்தலைக் கடற்காகத்தின் சிறகிலோ முன்விளிம்பு நெடுக ஒரு நீண்ட வெண்பட்டை ஓடும். கறுப்பு நுனியில் ஒரு மெல்லிய கரையாகவே இருக்கும்.

சிறகு முழுவதும் விரிவது பறக்கும்போதுதான். அப்போதோ அது நொடியில் நம்மைக் கடந்துவிடுகிறது. கண்ணால் பிடிக்க முடியாத அந்தப் புள்ளியைக் காமிராவால் பிடிக்கலாம். அதற்குச் சிறிது பௌதிகமும், சிறிது கணக்கும், நிறையப் பொறுமையும் வேண்டும். படம் பிடித்தபின் அதைச் செப்பனிடும்போது மற்றொன்றும் வேண்டும். அது நேர்மை. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா

பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று அறிய ஆசைப்பட்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே. அவருக்கு முன்பே, 1874-ஆம் ஆண்டு வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்றபோது, ஜான்சென் என்ற வானியல் அறிஞர் சுழலும் தட்டில் அடுத்தடுத்துப் படம் எடுக்கும் கருவி ஒன்றை அமைத்திருந்தார். மாரே அந்தக் கருத்தை மேலும் வளர்த்து, 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு காமிராவைச் செய்தார். பறவையைக் குறிபார்த்து விசையை அழுத்தினால், ஒரு வினாடியில் 12 படங்கள் பதியும். ஒவ்வொரு படமும் ஒளி வாங்கிய நேரம் 1/720 வினாடி.

கடற்காகம் வினாடிக்கு ஏறக்குறைய 3 முறை சிறகடிக்கிறது. அப்படியானால் ஒரு சிறகடிப்புக்கு மாரேயின் துப்பாக்கி 4 படங்கள் தந்திருக்கும். கீழே வீசும்போது சிறகு நன்றாக விரிந்திருப்பதும், மேலே தூக்கும்போது மணிக்கட்டுப் பகுதியில் மடங்கிக்கொள்வதும் இத்தகைய படங்களில்தான் ஐயமின்றித் தெரிந்தன. இரண்டு முறையும் ஒரே அளவு விரிந்திருந்தால், கீழ்வீச்சில் பெற்ற தூக்குவிசையின் பெரும்பகுதியை மேல்வீச்சில் பறவை இழந்துவிடும் அல்லவா?

மாரேயின் துப்பாக்கியில் கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு. வினாடிக்கு எத்தனை படம் என்பது ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் என்பது மற்றொன்று. இன்றைய காமிராவிலும் இவையே முக்கியம். இரண்டாவது எண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஒரு சிறு கணக்கு

கடற்காகம் ஒன்று உங்களிடமிருந்து 40 மீட்டர் தொலைவில், குறுக்காக, வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காமிராவில் 400 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸ் இருக்கிறது. பிம்பத்தின் அளவு என்ன?

குவியத்தூரத்தைத் தொலைவால் வகுத்தால் போதும். 400 மி.மீ. என்பது 0.4 மீட்டர். 0.4-ஐ 40-ஆல் வகுக்க 1/100 கிடைக்கிறது. அதாவது, காமிராவுக்குள் விழும் பிம்பம் உண்மைப் பறவையில் நூறில் ஒரு பங்கு. சிறகு விரிப்பு 110 செ.மீ. என்றால் பிம்பம் 11 மி.மீ.

அந்தப் பிம்பம் விழும் இடம் ஒளியுணர்வுத் தகடு. சுமார் 24 மி.மீ. அகலமுள்ள தகட்டில், அகலவாட்டில் 6,000 பிக்சல்கள் இருக்கின்றன என்று கொள்வோம். பிக்சல் என்பது படத்தின் மிகச் சிறிய கட்டம். அப்படியானால் ஒரு பிக்சலின் அகலம் 0.004 மி.மீ. நம் கடற்காகத்தின் 11 மி.மீ. பிம்பம் 2,750 பிக்சல்களை நிரப்பும். சிறகு நுனியின் வெள்ளைப் புள்ளியைக் காண இது தாராளம்.

இனி, காமிராவை அசைக்காமல் 1/100 வினாடியில் படம் எடுத்தால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் பறவை 10 செ.மீ. நகர்ந்துவிடும். பிம்பம் 1 மி.மீ. நகரும், அது 250 பிக்சல். படத்தில் பறவைக்குப் பதில் ஒரு வெள்ளைத் தீற்றல்தான் இருக்கும். 1/1000 வினாடியில் எடுத்தால் நகர்வு 25 பிக்சலாகக் குறையும். ஆனாலும் கூர்மை போதாது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பறவையுடன் காமிராவையும் திருப்புங்கள். வினாடிக்கு 10 மீட்டர் வேகம், 40 மீட்டர் தொலைவு என்றால், காமிரா வினாடிக்குச் சுமார் 14 பாகை திரும்ப வேண்டும். இது கடினமான வேகமன்று. முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, கால்களை ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பினால் எளிதில் வரும். விசையை அழுத்தியபின்பும் திருப்புவதை நிறுத்தக்கூடாது. இப்படிச் செய்தால் பறவையின் உடல் தகட்டின் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும். பின்னணி மட்டும் கலங்கும்.

ஊஞ்சலின் உச்சி

உடலை நிறுத்திவிட்டோம். ஆனால் சிறகு? அது உடலோடு சேர்ந்து முன்னேறுவதோடு, மேலும் கீழும் வீசுகிறது. ஒரு பக்கச் சிறகின் நீளம் 55 செ.மீ.; அது 90 பாகை வீசுகிறது என்று கொண்டால், நுனி செல்லும் வில்லின் நீளம் சுமார் 86 செ.மீ. வினாடிக்கு 3 சிறகடிப்பு என்றால் ஒரு வீச்சுக்கு 1/6 வினாடி. எனவே நுனியின் சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல். வீச்சின் நடுவில் அது ஏறக்குறைய 8 மீட்டரை எட்டும்.

1/1000 வினாடியில் நுனி 8 மி.மீ. நகரும், தகட்டில் 0.08 மி.மீ.; அதாவது 20 பிக்சல். 1/2000 வினாடியில் 10 பிக்சல். 1/4000 வினாடியில் 5 பிக்சல். உடல் கூர்மையாகவும் சிறகு நுனி மங்கலாகவும் பல படங்கள் அமைவதன் காரணம் இதுவே. நமக்கு வேண்டிய அடையாளமோ அந்த நுனியில்தான் இருக்கிறது!

இங்கே ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். நடுவில் வரும்போது அது விரைந்து செல்கிறது. இரு உச்சிகளிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. சிறகும் அப்படித்தான். வீச்சின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் நுனியின் வேகம் ஏறக்குறைய பூச்சியம். அந்தக் கணத்தில் விசை விழுந்தால் 1/1000 வினாடியே போதும். இதற்காகவே மாரேயின் முதல் எண்ணும் தேவைப்படுகிறது. வினாடிக்கு 10 படங்கள் எடுக்கும் காமிராவில் ஒரு சிறகடிப்புக்கு மூன்று படங்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றாவது உச்சிக்கு அருகில் அமைய வாய்ப்புண்டு. சிறகை அசைக்காமல் மிதந்து செல்லும் கடற்காகமானால் இந்தத் தொல்லையே இல்லை. பழகுவதற்கு மிதக்கும் பறவைகளே ஏற்றவை.

காற்றும் கதிரவனும்

நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பௌதிகம் உதவும். பறவையின் வேகம் காற்றைப் பொறுத்தது. நமக்குத் தேவையானது தரையைப் பொறுத்த வேகம். காற்று வினாடிக்கு 4 மீட்டர் வீசுகிறது என்று கொள்வோம். காற்றோடு செல்லும் பறவை நம்மை 14 மீட்டர் வேகத்தில் கடக்கும். எதிர்த்துச் செல்வதோ 6 மீட்டர் வேகத்தில்தான் கடக்கும். வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் பறவைகளைக் கவனியுங்கள். அவை ஏறக்குறைய அந்தரத்தில் நிற்பதுபோல மெல்ல நகரும். மேலும், பறவைகள் எழும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலும் காற்றை எதிர்கொண்டே செய்யும். காற்று உங்கள் முதுகில் பட்டால், இறங்கும் பறவை உங்களை நோக்கி வரும்.

அடுத்தது வெளிச்சம். நம் கிழக்குக் கடற்கரையில் காலைச் சூரியன் கடலின் மேல் இருப்பதால், கடலைப் பார்த்து நின்றால் பறவை வெறும் நிழலுருவமாகவே பதியும். கடல்மேல் பறப்பவற்றைப் பிற்பகலில் எடுங்கள். காலையில் எடுப்பதானால் கரைக்கு உட்புறமுள்ள காயல், உப்பளம், சதுப்பு நிலம் இவற்றை மேற்கு நோக்கிப் பாருங்கள்.

மழையில் வைத்த குடங்கள்

வேகமாகத் திறந்து மூடினால் உள்ளே விழும் ஒளி குறையும். அதை ஈடுசெய்ய லென்ஸின் துளையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. என்ற உணர்திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். நல்ல வெயிலுக்குப் படக்காரர்களிடம் பழைய விதி ஒன்று உண்டு. துளை எண் 16 ஆனால், திறப்பு நேரம் ஐ.எஸ்.ஓ. எண்ணில் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ. 400 என்றால் 1/400 வினாடி. துளை எண்ணை 16-இலிருந்து 11, 8, 5.6 என்று மூன்று படி குறைத்தால், ஒளி ஒவ்வொரு படிக்கும் இரட்டிக்கும். எனவே நேரத்தை 1/800, 1/1600, 1/3200 என்று சுருக்கலாம். பறக்கும் பறவைக்கு இதுவே நல்ல தொடக்கம்.

ஆனால் நம் கடற்காகம் வெண்மையானது. இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. ஒளியுணர்வுத் தகட்டின் பிக்சல்களை முற்றத்தில் மழைக்கு வைத்த குடங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குடத்தில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று அளந்தால், எங்கு எவ்வளவு மழை பெய்தது என்று சொல்லலாம். ஆனால் ஒரு குடம் நிரம்பி வழிந்துவிட்டால்? அங்கே எவ்வளவு பெய்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அதிக ஒளி விழுந்த வெள்ளைச் சிறகில் நிகழ்வது இதுவே. இறகின் நுண்ணிய வரிகள் யாவும் ஒரே வெள்ளையில் மறைந்துவிடும்.

காமிராவின் ஒளிமானி காட்சியின் சராசரியைப் பார்த்தே முடிவு செய்கிறது. இருண்ட கடலின்மேல் வெண்பறவை பறந்தால், கடலைக் கண்டு ஏமாந்து ஒளியைக் கூட்டிவிடும், குடம் வழியும். பளீரென்ற வானத்தில் பறந்தால் ஒளியைக் குறைத்துவிடும், பறவை கறுத்துவிடும். எனவே வெள்ளைச் சிறகு வழியாத அளவுக்கு ஒளியை நீங்களே நிர்ணயித்து வைப்பது நல்லது. வெயிலில் உள்ள வெண்பறவைக்கு மேற்சொன்ன விதியிலிருந்து ஒரு படி குறைத்து எடுத்துப் பாருங்கள்.

அதற்காக மிகவும் குறைத்துவிடவும் கூடாது. ஒளி துகள்களாக வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால், தற்செயலான ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான 100; அதாவது 1 சதவீதம். 100 துகள்களே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10. அது 10 சதவீதம். இருண்ட பகுதிகளில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான்.

படத்தைச் செப்பனிடுதல்

வீட்டுக்கு வந்து படங்களைக் கணிப்பொறியில் ஏற்றியாகிவிட்டது. முதல் வேலை, மூலப்படத்தைத் தனியே பத்திரப்படுத்துவது. செப்பனிடுவதெல்லாம் நகலில்தான். காமிராவில் கச்சாக் கோப்பாகப் பதியும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் கச்சாக் கோப்பில் 16,384 படிகள் உண்டு. எனவே ஒளியைக் கூட்டிக் குறைக்க அதில் இடம் அதிகம்.

பின்னர் இந்த வரிசையில் செல்லலாம். சாய்ந்திருக்கும் தொடுவானத்தை நேராக்குங்கள். வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் பிக்சல்களில் கால் பங்கே மிஞ்சும் என்பதை மறக்க வேண்டாம். அடுத்து, நிறச் சமநிலை. கடற்காகத்தின் மார்பு வெள்ளை. அது நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் திருத்துங்கள். பிறகு இருண்ட அடிச்சிறகைச் சற்றே வெளிச்சமாக்குங்கள். அப்போது புள்ளிகளும் கூடத் தெரியவரும். அவற்றை அளவாகக் குறைக்கலாம். கடைசியில், கூர்மையாக்குதல்.

கூர்மையாக்குவதில் எச்சரிக்கை தேவை. கணிப்பொறி புதிய விவரம் எதையும் கண்டுபிடிப்பதில்லை. விளிம்பின் கறுப்பை மேலும் கறுப்பாகவும் வெள்ளையை மேலும் வெள்ளையாகவும் ஆக்குகிறது, அவ்வளவே. அளவு மீறினால் கறுப்புச் சிறகு நுனியைச் சுற்றி இல்லாத ஒரு வெள்ளைக் கோடு முளைக்கும். வெள்ளைக் கோட்டைக் கொண்டுதானே இரண்டு கடற்காகங்களையும் பிரித்தறிய முயன்றோம்? சுட்டியை ஒரு முறை அதிகமாக நகர்த்தியதால் ஒரு பறவையை மற்றொன்றாக மாற்றிவிட்டோம்!

எதைத் தொடக்கூடாது?

பறவையின் இரண்டு சிறகுகளிலும் ஒரே இடத்தில் ஓர் இறகு குறைந்து, இடைவெளி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் அழகாக இருக்கட்டும் என்று அதை நிரப்பிவிடத் தோன்றும். ஆனால் அது குறை அன்று. பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் பருவத்தின் அடையாளம் அது. இருபுறமும் ஒத்த இடத்தில் உதிர்வதால் பறவை சமநிலை கெடாமல் பறக்கிறது. எந்த மாதத்தில் எந்த இறகு உதிர்கிறது என்பது பறவையியலாருக்கு மதிப்புமிக்க செய்தி. அதை அழிப்பது, சோதனைக் குறிப்பேட்டில் அளவீட்டைத் திருத்தி எழுதுவதற்குச் சமம்.

உள்ளான் போன்ற கரைப்பறவைகளின் காலில் சில நேரம் சிறு கொடி போன்ற வண்ணப் பட்டை இருக்கும். ஆய்வாளர்கள் மாட்டியது அது. எந்த நாட்டில், எந்தப் பகுதியில் மாட்டப்பட்டது என்பதை அந்த நிறங்களே சொல்லும். அதை ஏதோ தூசு என்று நீக்கிவிட்டால் ஒரு பறவையின் பயண வரலாறே அழிந்துபோகும். நீக்காமல் விட்டாலும், நிறத்தை மனம்போனபடி மாற்றினால் மஞ்சள் ஆரஞ்சாகி, பறவையின் ஊரே மாறிவிடும்.

எனவே ஒரு விதியை மனத்தில் கொள்ளுங்கள்: பதிந்ததைத் தெளிவாக்கலாம்; பதியாததைச் சேர்க்கக்கூடாது; பதிந்ததை மறைக்கவும் கூடாது. வேறு படத்திலிருந்து பறவையை வெட்டி ஒட்டுவது, ஐந்து பறவைகளை ஐம்பதாக்குவது ஆகியவை இந்த விதிக்கு மாறானவை. இன்றைய சில மென்பொருள்கள் இல்லாத இறகு வரிகளைத் தாமே வரைந்து நிரப்பிவிடுகின்றன. பார்வைக்கு அழகாக இருக்கலாம், ஆனால் சான்றாகாது. அழகுக்காக அப்படிச் செய்தால், செய்ததைப் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். மூலப்படத்தோடு நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்து வைத்தால், உங்கள் படம் என்றாவது ஓர் ஆய்வுக்கு உதவும்.

பறவைக்கே முதலிடம்

பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக அமர்ந்திருக்கும் கூட்டத்தைக் கை தட்டியோ கல் எறிந்தோ எழுப்பக்கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பிச் செல்வதற்கான கொழுப்பை இங்கேதான் சேமிக்கிறது. வீணாக ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி கரைகிறது. சிற்றாலாக்கள் வெறும் மணலிலேயே முட்டையிடும். தாய்ப்பறவை அஞ்சி விலகினால், சுடும் வெயிலில் முட்டைக்குள் இருக்கும் கரு இறந்துவிடும். கூட்டத்தில் சில பறவைகள் தலையை உயர்த்தி உங்களைப் பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். 1967-இல் அமைக்கப்பட்ட கோடியக்கரை சரணாலயம் போன்ற இடங்களில் வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

செய்து பாருங்கள்

பெரிய லென்ஸ் இல்லையே என்று வருந்த வேண்டாம். வீட்டில் உள்ள கைப்பேசியே மாரேயின் துப்பாக்கியைவிட வேகமானது.

1. வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் வீடியோவில் ஒரு கடற்காகத்தையோ கொக்கையோ காக்கையையோ பதியுங்கள். பின்னர் படம் படமாக நகர்த்தி, சிறகு ஓர் உச்சியிலிருந்து மீண்டும் அதே உச்சிக்கு வர எத்தனை படங்கள் ஆகின்றன என்று எண்ணுங்கள். 30-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை சிறகடிப்பு என்பது கிடைக்கும். ஐந்து பறவைகளை அளந்து சராசரி காணுங்கள். காற்றை எதிர்த்துப் பறக்கும்போது விடை மாறுகிறதா?

2. 150 செ.மீ. சிறகு விரிப்புள்ள பூநாரை ஒன்று 60 மீட்டர் தொலைவில் பறக்கிறது. லென்ஸின் குவியத்தூரம் 300 மி.மீ.; பிக்சலின் அகலம் 0.004 மி.மீ. பூநாரை எத்தனை பிக்சல்களை நிரப்பும்? முதலில் நீங்களே கணக்கிடுங்கள்; பிறகு கீழே பாருங்கள்.

விடை: பிம்பம் 200-இல் ஒரு பங்கு; ஆகவே 7.5 மி.மீ.; அதாவது 1,875 பிக்சல்கள்.